சரிவில் நிறுத்திய வண்டியும் ஒரு ‘இருக்கட்டுங்க’வும்

மோட்டாரைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வைண்டிங் ஏன் கருகுகிறது, வால்வு ஏன் ஒழுகுகிறது என்பதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லித்தருவார்கள். மீதியைத் தோட்டத்துக்காரர்கள் திட்டியே சொல்லித்தருவார்கள். பம்புசெட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்துவிட்டு, போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். இத்தனை காலத்தில் கையில் ஸ்பேனர் இருந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை. வந்தது வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகுதான்.

ஆகவே சர்வீஸுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டபோது, வண்டி நிறுத்துவதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். நம் வேலையில் பாதி நாள் சமதரையே கண்ணில் படாது. வாய்க்கால் கரை, வரப்பு, புதுமண், கல்லுக்காடு, மழையில் அரித்த பாதை, இப்படிப்பட்ட இடங்களில்தான் நீங்கள் இறங்கியாக வேண்டும்.

எனக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு நூறு சிசி மோட்டார் சைக்கிள். கேரியரில் இரும்புச் சாமான்கள் நிறைந்த டூல் பெட்டி. எடையெல்லாம் பின்பக்கமும் மேல்பக்கமுமாக ஏறிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அது தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது மேட்டுப்பாளையத்தில், ஓர் உருளைக்கிழங்கு மண்டியின் வாசலில். ரோடு சாக்கடையைப் பார்த்துச் சரிந்திருந்த இடம். சேர்ந்த புதிது, சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். மண்டிக்காரருக்குக் காரமடைப் பக்கம் பாக்குத்தோப்பு. அங்கே ஓடாமல் கிடந்த மோட்டாரைப் பற்றி நான் கம்பீரமாக விசாரித்துக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. வண்டி முன்னால் உருண்டு, ஸ்டாண்டு மடங்கி, அடுக்கி வைத்திருந்த மூட்டைகளின்மேல் படுத்துக்கிடந்தது. டூல் பெட்டி திறந்துபோய், கிழங்கும் ஸ்பேனருமாகச் சாக்கடையில் மிதக்காத குறை.

மண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ஏனுங்க சார், ஓடாத மோட்டார ஓட வெக்கறதுக்குத்தானுங்க உங்களக் கூப்புட்டேன். நீங்க நிறுத்தி வெச்ச வண்டிய ஓட்டிக் காட்டறீங்களே!”

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சேர்த்துக்கொண்டார். “அதுவும் மேல உக்காராமயேங்க!”

அன்று நாள் முழுக்க அந்த மண்டியில் எனக்கு ‘உக்காராம ஓட்டறவரு’ என்றுதான் பெயர். போகட்டும். அதற்குப் பிறகு வண்டி நிறுத்துவதையும் ஒரு வேலையாகவே செய்யப் பழகினேன். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். முன்னால் நகர்ந்தால் சைடு ஸ்டாண்டு தானாகவே மடங்கிவிடும். முதல் கியரில் போட்டு, கியர் பிடித்துக்கொள்ளும்வரை வண்டியைப் பின்னால் தளரவிட்டு, அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். புதுமண்ணோ ஈரமண்ணோ என்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஒரு தட்டைக்கல் வைக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு சமதரைக்கு மட்டும்தான். பக்கவாட்டாகச் சரியும் இடத்தில் நிறுத்தவே வேண்டாம். கொஞ்சம் நடந்தால் குறைந்துபோக மாட்டீர்கள். கடைசியாகக் கேரியரைப் பிடித்து ஒருதரம் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படி நிறுத்தினால் வண்டி விழாது என்று நம்பினேன். அது சரிதான். நிறுத்திய இடத்திலேயே வண்டி இருக்கும் என்றும் சேர்த்து நம்பிவிட்டேன். அதுதான் சரியில்லை.

நம் பக்கத்துத் தோட்டங்களில் விருந்தாளியின் வண்டி வெயிலில் காய்ந்தால் அது வீட்டுக்காரருக்குக் குறைச்சல். நாம் உள்ளே போன கையோடு யாராவது வண்டியை நிழலுக்குத் தள்ளிவிடுவார்கள். நாம் கியரில் போட்டிருந்தால் நியூட்ரலுக்குத் தட்டிவிட்டுத் தள்ளுவார்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஹேண்டிலைப் பூட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். சோமனூரில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில் ஒருமுறை பூட்டினேன். அவர் நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: “ஏனுங்க, எங்க ஊட்டு வாசல்ல களவாணி வருவான்னு நெனச்சுப்போட்டீங்களா?” அதற்கப்புறம் சாவியை வண்டியிலேயே விட ஆரம்பித்தேன். சாவி வண்டியில் இருந்தால்தான் நாம் அந்த வீட்டை நம்புகிறோம் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நடந்ததைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன். அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா பள்ளி ஆசிரியை. அன்று ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று அவள் போய்விட்டதால், கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குக் கிளம்பியபோது குழந்தையையும் கூட்டிக்கொண்டேன். அவள் எப்போதும் எனக்கு முன்னால், பெட்ரோல் டேங்கின்மேல்தான் உட்காருவாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. காந்திபுரம் சிக்னலை நெருங்கும்போது நான் “சிகப்பு” என்பேன். அவள் முன்பிரேக் லீவரைப் பிடிப்பாள். ஒரு கைக்கு விரல் எட்டாது என்பதால் இரண்டு கையாலும் பிடிப்பாள். உண்மையில் பிரேக் போடுவது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. “பச்சை” என்றால் விடுவாள். நான் சொல்லாமல் விடக் கூடாது என்பது சட்டம். லைட் மாறியிருக்கும், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், அவள் அசைய மாட்டாள். “நீங்க இன்னும் சொல்லலப்பா” என்பாள்.

தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு முன்னால் இறங்கியபோது தோட்டத்துக்காரரே எதிரே வந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர். இதை எழுதும்போதும் அவரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இல்லை.

“வாங்க சார், வாங்க. அட, சின்ன மெக்கானிக்கும் வந்திருக்குதே! வா அம்மணி.”

“நான் மெக்கானிக் இல்ல, டிரைவர்” என்றாள் மகள்.

“அப்புடீங்களா டிரைவரம்மா! லைசென்ஸ் வெச்சிருக்கறீங்களா?”

“அது அப்பா பாக்கெட்ல இருக்குது.”

அவர் மனைவி வாசலில் நின்று சிரித்தார். “காப்பி வெக்கட்டுங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“இருக்கட்டுங்க” என்றேன்.

“அதென்னங்க இருக்கட்டும்? பாலு இப்பத்தான் கறந்து வெச்சிருக்குது.”

காப்பி வந்தது. குடித்தேன்.

வண்டியை நான் களத்தின் ஓரத்தில் முறைப்படிதான் நிறுத்தியிருந்தேன். முன்சக்கரம் மேட்டைப் பார்த்து, கியரில், ஸ்டாண்டுக்கு அடியில் கல்லோடு. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது எதுவும் நிறுத்தத் தெரியாததால் நடந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன். குழந்தையை அந்தம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

கிணறு பழைய கிணறு. சதுரமாகப் பெரிதாக இருந்தது. சுற்றுச்சுவர் கிடையாது. மழை இல்லாத வருடம் என்பதால் ஆழப்படுத்தியிருந்தார்கள். வெட்டி எடுத்த மண்ணையும் கல்லையும் களத்துப் பக்கத்துக் கரையில், அங்கே நின்ற ஒரு வேப்பமரத்தின் அடிவரைக்கும் கொட்டி வைத்திருந்தார்கள். மரத்தடியிலிருந்து கிணற்றை நோக்கி அந்த மண் சரிவாக இறங்கியது. மோட்டார் ரூம் எதிர்க்கரையின் ஒரு கோடியில். நான் அங்கே குனிந்து உட்கார்ந்து, கையெல்லாம் கிரீஸாக இருந்தபோது, அந்தக் கரையிலிருந்து தோட்டத்துக்காரர் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க சார்! வண்டி வெய்யில்ல காயுதுங்களே. நெழல்ல உட்ரட்டுங்களா?”

நான் தலையைத் தூக்கவில்லை. “இருக்கட்டுங்க” என்று சத்தமாகச் சொன்னேன்.

அவ்வளவுதான். அதன்பின் வேலை முடியும்வரை நான் எதையும் கவனிக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, களத்து ஓரத்தில் வண்டி இல்லை. கிணற்றுக்கு அந்தப்பக்கம், வேப்பமர நிழலில், புதுமண்ணின்மேல், முன்சக்கரம் கிணற்றைப் பார்க்க நின்றிருந்தது. அதன்மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

வாயால் ட்ர்ர் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னுமாக உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்காரர் கவனமில்லாதவர் அல்ல. முன்சக்கரத்துக்கு முட்டாக ஓர் உரித்த தேங்காய் மட்டையை வைத்திருந்தார். அவள் ஆட ஆட அந்த மட்டை நசுங்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் அதன்மேல் பாதி ஏறியிருந்தது. சைடு ஸ்டாண்டின் கால் நேராக இல்லை. பின்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. சக்கரத்திலிருந்து கிணற்று விளிம்புக்கு ஒரு கட்டில் போடும் இடம்தான் இருக்கும்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் கிணறு.

தம்பிகளே, அந்த இடத்தில் உங்களுக்கு முதலில் வரக்கூடியது கத்தல்தான். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. கத்தினால் அவள் என்ன செய்வாள்? திரும்பிப் பார்ப்பாள். நான் நின்றது மோட்டார் ரூம் கோடியில், அவளுக்கு வலது கைப்பக்கம். வண்டி இடது பக்கம் சாய்ந்து, ஸ்டாண்டில் எடையை வைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் வலது பக்கம் திரும்பினால் ஸ்டாண்டின்மேல் இருக்கும் எடை போய்விடும். எடை போனால் ஸ்டாண்டு மடங்கும். பயந்து குதிக்கப் பார்த்தாலும் அதேதான். கத்துவது அவளைத் தள்ளிவிடுவதற்குச் சமம். நான் ஓடி வருவதைப் பார்த்தாலும் பயந்துவிடுவாள்.

இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசனை பிறகு வந்தது. அப்போது வந்தது, கத்தக் கூடாது என்ற ஒன்றுதான்.

தோட்டத்துக்காரர் சாளையிலிருந்து இரண்டு கையிலும் இளநீரோடு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினேன். அப்படியே நின்றுவிட்டார்.

நான் நடக்க ஆரம்பித்தேன். சாதாரணமாக, வேலை முடிந்து வருகிறவன் நடப்பதுபோல. நடந்துகொண்டே, காந்திபுரத்தில் சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

“சிகப்பு விழுந்திருச்சு டிரைவரம்மா.”

அவள் திரும்பவில்லை. சிக்னலில் திரும்பிப் பார்க்கிற டிரைவர் யார்? இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து, டேங்கின்மேல் நெஞ்சு அழுந்தக் குனிந்துகொண்டாள். முன்சக்கரம் நின்றது.

“நல்லாப் புடிச்சுக்க கண்ணு. பஸ்ஸெல்லாம் குறுக்க போகுது.”

“எந்த பஸ்ஸுப்பா?”

“மருதமலை பஸ்ஸு.”

“அப்புறம்?”

“அப்புறம் உக்கடம் பஸ்ஸு. ரெண்டும் போகட்டும்.”

கிணற்றின் ஒரு பக்கத்தைச் சுற்றி வந்துவிட்டேன். இன்னொரு பக்கம் மீதி இருந்தது. அதுவரை ஓடவில்லை. வண்டிக்கு முன்னால் போய்ப் பிடிக்கவும் இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நகரும் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் நின்று ஒருநாளும் பிடிக்கப் போகாதீர்கள். அது உங்களையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். மேட்டுப் பக்கமாக ஏறிவந்து, பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்தேன். காலை மண்ணில் ஊன்றினேன். அதற்குப் பிறகு தலையை ஆட்டினேன். தோட்டத்துக்காரர் இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓர் இளநீர் உருண்டுபோய்க் கிணற்றுக்குள் விழுந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது.

மகள் கேட்டாள். “பச்சையாப்பா?”

நான் கேரியரை விடவில்லை.

“அப்பா, பச்சை எப்ப விழும்?”

தோட்டத்துக்காரர் அவளைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. லீவரில் விரல் அப்படியே பூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பச்சை விழலையே! உடுங்க! போலீஸு புடிச்சுக்குவாங்க!” என்று அவர் தோளில் குத்தினாள். அவர் அவளை இறக்கிவிடாமலேயே சாளைவரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை நான் கியரில் போட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டியை மறுபடி களத்து ஓரத்தில் நிறுத்தினோம். வாசலில் உட்கார்ந்தோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அது வழக்கமில்லை போலும். கடைசியில் அந்தம்மாதான் கேட்டார், தன் கணவரைப் பார்த்து.

“ஏனுங்க, வண்டிய எதுக்கு அங்க கொண்டுபோயி உட்டீங்க? சாருக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்லையா?”

“கேட்டுத்தான எடுத்தேன். நெழல்ல உடட்டுங்களான்னு கேட்டேன். சாரு இருக்கட்டுங்கன்னாரு.”

நான் சொன்னேன். “இருக்கட்டும்னா அங்கயே இருக்கட்டும்னு அர்த்தங்க. எடுக்க வேண்டாம்னுதானுங்க சொன்னேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “காப்பி வெக்கட்டுங்களான்னு கேட்டப்பவும் அதையேதானுங்க சொன்னீங்க. இருக்கட்டுங்கன்னீங்க. கொண்டாந்தா குடிச்சீங்களே.”

நான் குடித்த காப்பி டம்ளர் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் தம்பிகளுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. ‘இருக்கட்டுங்க’ என்போம். கேட்டவர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எடுத்துக்கொண்டால், கொடுக்க மனமில்லாமல் கேட்டார் என்று ஆகிவிடும். ஆகவே ஒருவர் இருக்கட்டுங்க என்றால், அதைக் கேளாததுபோலச் செய்து முடிப்பதுதான் நல்ல வளர்ப்பு. சாப்பாட்டில் இது சரியாக வேலை செய்கிறது. எல்லோருக்கும் வயிறு நிறைகிறது. நானும் அவரும் ஒரே ஊர்ப்பக்கம், ஒரே பேச்சு. நான் பணிவாக மறுத்தேன். அவர் பணிவாக அதை மீறினார். இரண்டு மரியாதையும் சேர்ந்து குழந்தையைக் கிணற்று விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தின. யாராவது ஒருவர் மரியாதை தெரியாதவராக இருந்திருந்தால் வண்டி வெயிலிலேயே நின்றிருக்கும்.

கிளம்பும்போது அந்தம்மா ஒரு பை நிறையத் தேங்காய் கொண்டுவந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“சாரு, வேணுமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையாச் சொல்லிப்போடுங்க.”

“வேணுங்க” என்றேன். அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை, உள்ளே போய்விட்டார்.

மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். மகள் வழக்கம்போல முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் முதல் சிக்னல் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. அவள் சற்றுநேரம் காத்திருந்துவிட்டு, “அப்பா, நீங்க சிகப்பு சொல்லல” என்றாள். சொன்னேன். அவள் பிடித்தாள். லைட் மாறியதும் நான் சொல்லாமலேயே வண்டியை நகர்த்திவிட்டேன். “ஏமாத்தறீங்க” என்றாள்.

வீட்டில் நான் எதையும் சொல்வதாக இல்லை. ராத்திரிச் சோறு ஊட்டும்போது என் மனைவி குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். லீவர் அழுந்தின தடம் சிவப்பாக இருந்தது.

“இதென்ன?”

“சிக்னலும்மா” என்றாள் மகள். “ரொம்ப நேரம் சிகப்பு. அப்பா பச்சையே சொல்லல.”

மனைவி என்னைப் பார்த்தாள். சொன்னேன், முழுவதும். அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பயிற்சி இருந்தது. போகவில்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்தினால் ஹேண்டிலைப் பூட்டுங்கள். சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள். “கம்பெனி ரூல்ஸுங்க, நான் என்ன பண்றது” என்று பழியைக் கம்பெனிமேல் போடுங்கள். நம் மக்கள் மனிதனைச் சந்தேகப்பட்டால்தான் கோபப்படுவார்கள், ரூல்ஸ் என்றால் ‘பாவம்’ என்று விட்டுவிடுவார்கள். வண்டியை நிழலில் விடட்டுமா என்று கேட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, “வேண்டாங்க, வெய்யில்லயே நிக்கட்டும்” என்று சொல்லுங்கள். எவ்வளவு ‘ங்க’ வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ‘வேண்டாம்’ என்பது அதில் இருக்கட்டும். சீட்டு சுடும். சுட்டால் ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரிதான் மோட்டார் விஷயத்திலும். “ஸ்விட்சப் போட்டுரட்டுங்களா?” என்று ஒருவர் கேட்பார். உங்கள் கை உள்ளே இருக்கும். அப்போது வாயில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் கை இருக்கும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் மறுக்க வேண்டிய எதற்கும் இருக்கட்டுங்க என்று சொன்னதில்லை. சில ஊர்களில் எனக்குக் கொழுப்புப் பிடித்தவன் என்று பெயர். இருக்கலாம். மேட்டுப்பாளையத்துப் பெயரைவிட இது மேல்.

இவ்வளவு எழுதிய பிறகு, பயம் போய்விட்டதா என்று யாராவது கேட்கலாம். மகள் இப்போது பிளஸ் டூ. டியூஷனுக்குப் போக அவளுக்கு ஒரு மொபெட் வாங்கினோம். வாங்கியது நான்தான்; வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டவிடாமல் வைத்திருந்ததும் நான்தான். பிரேக் சரியில்லை என்பேன், மழை வரும் என்பேன். எங்கள் தெரு வேறு மேட்டிலிருந்து மெயின் ரோட்டைப் பார்த்துச் சரிகிறது. போன வாரம் ஒருநாள் காலை அவள் காரணம் எதையும் கேட்காமல் வண்டியை வெளியே தள்ளி, மேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மடங்கியிருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். “கையை எடுங்க, அவளுக்கு நேரமாச்சு” என்றாள்.

“இருக்கட்டும்” என்றேன்.

என் வாயில் அந்தச் சொல் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தன. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

“அப்பா, பச்சை.”

விரலை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது.